பாட்டிலில் ஊற்றிப் பார்க்காத பெட்ரோல்

அன்றைக்குப் பட்டறையில் இருந்தவர்கள் ஆறு பேர். காரின் சொந்தக்காரர் தணிகாசலம், உப்பளம் குத்தகைக்கு எடுத்திருந்தவர். அவரோடு வந்த அவருடைய சகலை. லாரி டயர் பஞ்சருக்காகக் காத்துக்கொண்டிருந்த உப்பு லோடுமேன்கள் இரண்டு பேர். எனக்குப் பக்கத்துக் கொட்டகையில் வெல்டிங் வைத்திருந்த காதர் பாய். ஆறாவது ஆள் நான். பெட்ரோல் பங்க்கில் வேலை செய்த அஞ்சலை என்கிற அந்தம்மா அப்போது அங்கே இல்லை. நான் அந்த வார்த்தையைச் சொன்னபோது அவர் அங்கே இருந்திருக்க வேண்டும்.

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று மெக்கானிக்குகள் சங்கத்தில் கேட்டார்கள். இஞ்சினைப் பற்றி நான் எழுதி நீங்கள் படிக்க வேண்டியதில்லை. நான் ஏழாவதோடு நின்றவன், உங்களில் பாதிப் பேர் டிப்ளமோ. உங்கள் கையில் இருக்கிற மிஷினைச் செருகினால் வண்டியே தன் வியாதியைச் சொல்லிவிடுகிறது. அதனால் இஞ்சினை விட்டுவிட்டு, முப்பத்தெட்டு வருஷத்தில் நான் செய்ததிலேயே பெரிய தப்பை எழுதுகிறேன். அதைச் செய்யக் கையில் ஸ்பேனர்கூடத் தேவைப்படவில்லை.

என் சுபாவத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். நான் பயந்தவன். வீல் நட்டை மூன்று தடவை முடுக்குவேன். வண்டி போன பிறகு, நாலாவது நட்டை முடுக்கினோமா என்று சந்தேகம் வரும். மொபெட்டை எடுத்துக்கொண்டு பெருமுக்கல் வரைக்கும் துரத்திப் போய் வண்டியை நிறுத்தி நட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். காதர் பாய் சிரிப்பார். "நீ மெக்கானிக் ஆயிருக்கக் கூடாதுய்யா, வாட்ச்மேன் ஆயிருக்கணும்" என்பார்.

2005, ஆவணி மாசம். மரக்காணத்தில் உப்பு சீசன் முடிகிற நேரம். முந்தின ராத்திரி நல்ல மழை. அளத்தில் குவித்து வைத்திருந்த உப்பில் ஒரு பங்கு கரைந்து ஓடிவிட்டது என்று லோடுமேன்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அதோடு அன்றைக்கு இன்னொரு சேதியும் உண்டு. பெட்ரோல் விலை ஏறப் போகிறது என்று டிவியில் சொல்லியிருந்தார்கள். காலையிலிருந்தே பங்க்கில் கூட்டம். ஆளாளுக்கு டேங்க்கை ரொப்பிக்கொண்டு போனார்கள்.

பதினொரு மணி வாக்கில் தணிகாசலத்தின் வெள்ளைக் கார் வந்தது. வந்தது என்று சொல்லக் கூடாது, தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் ஓடுகிறது. காலை எடுத்தால் வண்டி மொத்தமும் குளிர்ஜுரம் வந்த மாதிரி நடுங்கி அணைந்துவிடுகிறது. திரும்ப ஸ்டார்ட் பண்ண ரொம்ப நேரம் இழுக்கிறது. பின்னால் கறுப்புப் புகை. கிட்டே போனால் பெட்ரோல் நெடி.

பங்க்கில் ஃபுல் டேங்க் அடித்துக்கொண்டு ரெண்டு கிலோமீட்டர்கூட வரவில்லை என்றார் அவர். அடிக்கிற வரைக்கும் வண்டி நன்றாகத்தான் இருந்ததாம். மூன்று மணிக்குள் திண்டிவனத்தில் ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட வேண்டும், விற்கிற ஆள் மனசு மாறிவிட்டால் நிலம் போய்விடும் என்று சகலையும் சேர்ந்து சத்தம் போட்டார். ரெண்டு பேரும் மாறி மாறிக் கையில் கட்டியிருந்த வாட்ச்சைப் பார்த்தார்கள். ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். கறுத்துப்போய் ஈரமாக இருந்தது. முகர்ந்தேன், சுத்தமான பெட்ரோல் வாசனை.

அங்கேயே நான் நிதானித்திருக்க வேண்டும். பிளக் பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்றுதான் அர்த்தம். அது எனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் ஏன் அதிகமாகப் போகிறது என்பது தெரியவில்லை. நான் கார்புரேட்டர் வண்டிகளில் வளர்ந்தவன். இந்த மாதிரிப் புது வண்டிகளின் பானெட்டைத் திறந்தாலே, தெரியாத வீட்டுக்குள் நுழைந்த மாதிரி கூச்சமாக இருக்கும். ஐந்து பேர் என் முகத்தையே பார்க்கிறார்கள். தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தணிகாசலம்தான் எடுத்துக் கொடுத்தார்.

"ஏம்பா மேஸ்திரி, நேத்து ராத்திரி அவ்ளோ மழ. பங்க்ல கீழ டேங்க்ல தண்ணி எறங்கியிருக்குமோ?"

மூழ்குகிறவன் கையில் கயிறு கிடைத்த மாதிரி இருந்தது. மழை பெய்தது உண்மை. பெட்ரோல் போட்டதும் கோளாறு வந்தது உண்மை. ரெண்டையும் சேர்த்தால் கணக்குச் சரியாக வருகிறது.

"ஆமாங்க, தண்ணிதான்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். லோடுமேன் ஒருவர், போன மாசம் தன் மச்சான் பைக்கும் இப்படித்தான் நின்றது என்றார். இன்னொருவர், அவனுங்க எல்லாம் கலப்படக்காரனுங்க என்றார். தணிகாசலமும் சகலையும் லாரி டிரைவரைத் தேடிப் பிடித்து, பஞ்சர் ஒட்டி முடிந்திருந்த லாரியிலேயே ஏறிப் பங்க்குக்குப் போனார்கள். லோடுமேன்களும் வேடிக்கை பார்க்கக் கூடவே ஏறிக்கொண்டார்கள். போகும்போது தணிகாசலம், டேங்க்கைக் காலி பண்ணி வேற பெட்ரோல் ஊத்தி வை என்று சொல்லிவிட்டுப் போனார்.

லாரி போன பிறகு காதர் பாய் கேட்டார்.

"பாட்டில்ல ஊத்தி வச்சுப் பாத்தியா?"

உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருந்தால், கொஞ்சத்தைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிஷம் அசைக்காமல் வைத்தால் போதும். தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். குழந்தைகூடப் பார்த்துச் சொல்லலாம். என் பட்டறையில் அதற்கென்றே ஒரு பழைய சோடா பாட்டில் ஜன்னலில் இருந்தது.

"பாத்துக்கலாம் பாய், மொதல்ல வண்டி கெளம்பட்டும்" என்றேன்.

உள்ளுக்குள் காரணம் வேறே. பார்த்து, தண்ணீர் இல்லை என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம்.

ட்யூப் போட்டு டேங்க்கில் இருந்த பெட்ரோலை இறக்கினேன். மூன்று கேன் நிரம்பியது. காதர் பாய் திண்டிவனம் ரோட்டில் இருக்கிற வேறொரு பங்க்கிலிருந்து பத்து லிட்டர் வாங்கி வந்தார். ஊற்றி ஸ்டார்ட் பண்ணினேன். முதலில் அதே நடுக்கம். விடாமல் ஆக்சிலேட்டரை அழுத்தி ரேஸ் பண்ணிக்கொண்டே இருந்தேன். இருபது நிமிஷம் இருக்கும். கறுப்புப் புகை மெல்ல மெல்லக் குறைந்தது.

அந்த நேரத்தில்தான் அவர்கள் திரும்பி வந்தார்கள். பங்க் மேனேஜரின் ஜீப்பில் தணிகாசலம், சகலை, மேனேஜர், பின் சீட்டில் அஞ்சலை. புடவை மேல் போட்டிருந்த யூனிஃபார்ம் சட்டையோடு அப்படியே வந்திருந்தார். பிரம்மதேசத்துக்காரர், கணவர் இல்லாதவர், ஒரு மகள். அந்தப் பங்க்கில் நாலு வருஷமாகக் காலை ஷிஃப்ட். தினமும் காலையில் பங்க்கைத் திறக்கும்போது, கீழ் டேங்க்குக்குள் நீளக் கம்பியை விட்டுத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்து நோட்டில் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. கம்பி நுனியில் ஒரு பேஸ்ட் தடவுவார்கள். அடியில் தண்ணீர் இருந்தால் அதன் கலர் மாறும். நான் சொன்ன ஒரு வார்த்தை நேராகப் போய் விழுந்தது அந்தக் கையெழுத்தின் மேல்தான். பட்டறையில் நின்றபோது இது எனக்குத் தோன்றவே இல்லை.

மேனேஜர் என்னைப் பார்த்து, தண்ணிதானா என்று கேட்டார். அவர் முகத்திலும் பயம். மேலிடத்துக்குத் தெரிந்தால் பங்க்குக்கே சீல் வைத்துவிடுவார்கள் என்கிற பயமாக இருக்கும்.

நான் பதில் சொல்வதற்குள் அஞ்சலை பேசினார்.

"காலைல ரெண்டு தடவ பேஸ்ட் போட்டுப் பாத்தேங்க. மழ பேஞ்சிச்சேன்னுதான் ரெண்டாவது தடவயும் பாத்தேன். கலரு மாறல. இவருதான் டேங்க் ரொம்பி ஆட்டோ கட்டாகி, குழா தானா நின்னதுக்கு அப்புறமும் வண்டிய ஆட்டி ஆட்டி ஊத்தச் சொன்னாரு. நாலு லிட்டரு மேல ஊத்தினேன். மூடி வரைக்கும் தளும்பிச்சு."

"வெல ஏறுது, ரொப்பச் சொன்னேன். அது ஒரு குத்தமா?" என்றார் தணிகாசலம்.

தம்பிகளே, வண்டியின் வியாதி என்ன என்பதை அந்தம்மா அந்த இடத்திலேயே சொல்லிவிட்டார். டேங்க்குக்குள் காற்று நிற்க இடமில்லாமல் கழுத்து வரைக்கும் ஊற்றியிருக்கிறார்கள். கேட்கத் தெரிந்தவனாக இருந்தால் அதிலிருந்து பிடித்திருக்கலாம். எனக்கு அது சண்டையில் சொல்கிற சாக்கு மாதிரிதான் காதில் விழுந்தது.

அவர் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, நீங்க கண்ணால பாத்தீங்களா தண்ணிய?"

பதில் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. நான் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். வண்டி நடுங்கவில்லை. அணையவும் இல்லை. தாலாட்டு மாதிரி ஒரே சீராக நின்று ஓடியது. பழைய பெட்ரோலை இறக்கினோம், புது பெட்ரோல் ஊற்றினோம், வண்டி சரியாகிவிட்டது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? எல்லோரும் அஞ்சலையைப் பார்த்தார்கள். அவர் ஜீப்பில் ஏறவில்லை. ரோட்டோரமாக நடந்து போனார்.

தணிகாசலம் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். பெட்ரோல் காசும் என் கூலி அறுநூறும் பங்க்கே கொடுத்தது. அஞ்சலையை அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். பத்தாம் தேதி வர வேண்டிய அந்த மாசத்துச் சம்பளம் ஆயிரத்து எண்ணூறைப் பிடித்துக்கொண்டார்கள் என்று பிறகு தெரிந்தது. அப்படியென்றால் என் அறுநூறும் அந்தம்மா சம்பளத்தில் இருந்துதான் வந்திருக்கிறது.

இறக்கின பெட்ரோல் பட்டறைக்குச் சொந்தம் என்பது நம் தொழிலில் ஒரு வழக்கம். வண்டிக்காரர் அதைக் கேட்க மாட்டார், நாமும் சொல்ல மாட்டோம். பார்ட்ஸ் கழுவ வைத்துக்கொள்வோம். அந்த மூன்று கேனும் என் கொட்டகை மூலையில் இருந்தன. விலை வேறே ஏறிவிட்டது. மறுநாள் என் மொபெட்டில் பெட்ரோல் இல்லை. யோசிக்காமல் அந்தக் கேனிலிருந்தே ஆயில் கலந்து ஊற்றிவிட்டேன். ஓட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய் வந்தேன். அடுத்த நாளும் போனேன். மூன்றாம் நாள் காலையில் உப்பளத்துப் பக்கம் போய்க்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. தண்ணீர் கலந்த பெட்ரோலில் என் வண்டி ஒரு தடவைகூட இருமவில்லை. வண்டியை அப்படியே திருப்பினேன்.

பட்டறைக்கு வந்து சோடா பாட்டிலில் ஊற்றி ஜன்னலில் வைத்தேன். பத்து நிமிஷம் இல்லை, ஒரு நாள் முழுக்க வைத்தேன். அடியில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

அப்போதே போயிருக்க வேண்டும். போகவில்லை. தண்ணீர் இல்லையென்றால் வேறென்ன என்று கேட்பார்களே, அதற்குப் பதில் தெரியாமல் எப்படிப் போவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ராத்திரி படுத்தால் மூன்று கேனும் கண்ணுக்குள் வந்து நின்றன. இருந்தும் போகவில்லை. அந்தப் பெட்ரோலை மட்டும் கடைசிச் சொட்டு வரைக்கும் ஓட்டித் தீர்த்தேன்.

ஐப்பசியில், தீபாவளிக்கு முன்னால், தணிகாசலத்தின் கார் திரும்ப வந்தது. அதே நடுக்கம், அதே புகை. இந்தத் தடவை திண்டிவனத்தில் ரொப்பியிருக்கிறார். அவர் கோபப்படவே இல்லை. எல்லா பங்க்கிலும் தண்ணிதான் ஊத்துறானுங்க என்று சிரித்தார். சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவரை அனுப்பிவிட்டு, முதல் வேலையாகப் பாட்டிலில் பிடித்தேன். தெளிந்த பெட்ரோல்.

பஸ் ஏறிப் பாண்டிச்சேரி போனேன். அங்கே ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் புது மாடல் வண்டி வேலை தெரிந்த ஆள் ஒருவர் உண்டு. பேர் வேண்டாம். என்னைவிட இருபது வயது சின்னவர். நான் சொல்லி முடிக்கும் முன்பே, வண்டியை ஆட்டி ரொப்பினாங்களா என்று கேட்டார். அன்றைக்கு அஞ்சலை சொன்னதும் அதைத்தான்.

அவர் விளக்கினது இவ்வளவுதான். டேங்க்கில் எழும்புகிற பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்க ஒரு கரிப்பெட்டி இருக்கிறது. அதில் சேரும் ஆவியை இஞ்சினுக்கு விட ஒரு சின்ன வால்வு உண்டு. கழுத்து வரைக்கும் ரொப்பினால் ஆவி போகிற குழாயில் பெட்ரோலே போய்க் கரிப்பெட்டியை நனைத்துவிடும். வால்வு சரியாக இருந்தால் ஓரளவு சமாளிக்கும். உப்பளத்துக் காற்றிலேயே நிற்கிற வண்டியில் அந்த வால்வு உப்புப் பூத்து, மூடாமல் திறந்தே நின்றுவிட்டால், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதெல்லாம் இஞ்சின் வேண்டாத பெட்ரோலைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஆக்சிலேட்டரை அழுத்திக் கொஞ்ச நேரம் ஓட்டினால் கரிப்பெட்டி காய்ந்து, வண்டி தானாகவே சரியாகிவிடும்.

ஆவணியில் நான் இருபது நிமிஷம் ரேஸ் பண்ணினேன் அல்லவா? வண்டியைச் சரி பண்ணியது அதுதான். புது பெட்ரோலுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை.

வால்வையும் குழாயையும் மாற்றினேன். தணிகாசலத்திடம், தண்ணி இல்லீங்க, அன்னிக்கும் இல்ல என்று சொன்னேன்.

"அத இப்ப ஏம்பா கௌர்ற? வண்டி ஓடுதுல்ல" என்றார்.

பங்க் மேனேஜரிடமும் போனேன். அவர் என்னை ஆபீசுக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார். அந்த இடத்துக்கு வேற ஆள் போட்டாச்சு, நோட்டில் எழுதிப் பங்க் முதலாளிக்கு அனுப்பியும் ஆச்சு, இப்போது நீ வந்து பெட்ரோல் நல்ல பெட்ரோல் என்றால் நான் ஏன் காசு கொடுத்தேன் என்று என்னைக் கேட்பார்கள் என்றார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். நானும் அந்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகும் மூன்று மாசம் கழிந்தது. மாசியில்தான் அஞ்சலையைப் பார்த்தேன். மழை வடிந்து உப்பளத்தில் பாத்தி மிதிக்கிற நேரம். சேற்றை மிதித்து மிதித்துத் தரையை இறுக்கினால்தான் உப்பில் மண் ஒட்டாது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக மிதித்துக்கொண்டிருந்தார்கள். நான் வரப்பில் நின்று கூப்பிட்டேன். முழங்கால் வரைக்கும் சேறோடு வந்தார். கூட இருந்த ஒருத்தி, "யாருடி அது, பங்க்ல இருந்து கூப்புட வந்துட்டாங்களா? பாத்துப் போ, தண்ணி கலந்துடாத" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பேச்சு தினமும் நடக்கிறது என்பது அவர் முகம் மாறாததிலிருந்து தெரிந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். சோடா பாட்டில், மொபெட், வால்வு, எதையும் விடவில்லை. அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"தண்ணி இல்லன்னு உங்களுக்கு எப்ப தெரியும்?"

ஐப்பசியில் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"மூணாம் நாளே தெரியும்மா."

"இப்ப மாசி" என்றார்.

ஆயிரம் ரூபாய் நீட்டினேன். கையைச் சேற்றோடு பின்னால் கட்டிக்கொண்டார். அவர் சம்பளம் ஆயிரத்து எண்ணூறு, அதுதான் வேண்டும், அதற்கு மேல் ஒரு ரூபாய் வேண்டாம் என்றார். சேர்ந்தாற்போல் என்னிடம் இல்லை என்றதும், தவணையாகக் கொடுங்கள் என்று அந்த ஆயிரத்தை வாங்கிக்கொண்டார். அடுத்த மாசம் முந்நூறு கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்போதுதான் சொன்னார்.

"மீதிய இங்க குடுக்காதீங்க. எங்க தெருவுக்கு வாங்க. எங் கொழுந்தனாரு, அக்கம்பக்கத்து ஊட்டுக்காரங்க எல்லாம் இருக்கச்ச, எதுக்குக் குடுக்கறீங்கன்னு சொல்லிட்டுக் குடுங்க. எம் பொண்ண பாக்க வந்தவங்ககூட, அம்மாக்காரி தண்ணி கலந்தவளாமேன்னுதான் கேட்டுட்டுப் போனாங்க."

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். சட்டை மாற்றிக்கொண்டு, பணத்தைக் கவரில் போட்டுக்கொண்டு பிரம்மதேசம் வரைக்கும் போனேன். தெருமுனையில் எட்டுப் பத்துப் பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். பட்டறையில் ஐந்து பேர் முன்னால் ரெண்டே வார்த்தையில் சொன்னேன். அது அப்போது சுலபமாகத்தான் இருந்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு, அதற்கடுத்த ஞாயிறு என்று தள்ளிப்போட்டேன். வைகாசியில்தான் திரும்பப் போனேன். வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு வாசலில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன். மகளைக் கூட்டிக்கொண்டு கட்டட வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார். மெட்ராஸ் பக்கம், எந்த இடம் என்று தெரியாதாம்.

"யாரு, பங்க்ல தண்ணி கலந்தாளே, அவளத்தான கேக்கற?"

"தண்ணி கலக்கலம்மா. நான்தான் மெக்கானிக். பாக்காமலே தப்பா சொல்லிட்டேன்."

அந்தம்மா முறத்தை நிறுத்தாமல், "அத அவ இருக்கறப்ப வந்து சொல்றதுதான" என்றார்.

அதற்குப் பிறகு நான் வேலை செய்த அத்தனை வருஷமும், பெட்ரோல் போட்டதும் கோளாறு என்று வருகிற வண்டிக்காரரிடம் முதலில் கேட்பது எப்படி ரொப்பினீங்க என்றுதான். அடுத்து பாட்டில். பாட்டில் ஜன்னலில் நிற்கிற பத்து நிமிஷமும் யார் என்ன கேட்டாலும், எனக்குத் தெரியலீங்க என்பதுதான் பதில். கத்துவார்கள், கத்தட்டும். வேறே பட்டறைக்குப் போகிறேன் என்பார்கள், போகட்டும். அப்படிப் போன வண்டிகள் உண்டு. நீங்களும் சொல்லிப் பழகுங்கள். எனக்கு அதைச் சொல்ல வருவதற்கு நாற்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது, அதுவும் அடுத்தவர் செலவில்.

அஞ்சலையைத் தெரிந்தவர்கள் என்று யார் சொன்னாலும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இது வரைக்கும் தெரியவில்லை. ஆயிரத்து எண்ணூறில் நான் கொடுத்தது ஆயிரத்து முந்நூறு. பாக்கி ஐந்நூறு ரூபாய்.